அநாதை கார்டும் ஒற்றை டெலிபோனும்

ராஜினாமா செய்ய முடியாத பதவி உலகத்திலேயே ஒன்றுதான், அது மாமியார் வீட்டு மாப்பிள்ளை என்கிற பதவி என்று முப்பத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தான் கார்த்திகேசு. அந்த அறியாமையை நோர்டா பேரவை போக்கி வைத்தது.

கார்த்திகேசு பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கிற நெட்வொர்க் கார்டுகளைச் சோதித்து, நல்லதை ஒரு கூடையிலும் நொண்டியை இன்னொரு கூடையிலும் போடுகிற வேலை. சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடு. மனைவி புஷ்பவள்ளி ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. டாக்டர்கள் கையை விரித்த பிறகு இருவரும் ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், பாகான் டாலாமில் யோகம்மா நடத்துகிற பிள்ளைகள் இல்லத்தில், தத்து எடுக்கப் பெயர் பதிந்துவிட்டு வந்தார்கள்.

யோகம்மா கறாரான பெண்மணி. "பிள்ளை எப்ப வரும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வந்தா போன் அடிப்பேன். கிடைக்கலன்னா அடுத்த ஆளுக்கு அடிப்பேன். இடுப்புல பிள்ளைய வச்சிக்கிட்டு காத்துக்கிட்டிருக்க முடியாதுலா" என்றார். இரண்டு நம்பர் தரட்டுமா என்று கார்த்திகேசு கேட்டதற்கு, "ஒண்ணு போதும் தம்பி. ரெண்டு நம்பர் குடுக்கிறவங்க ரெண்டையும் எடுக்க மாட்டாங்க" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் டெலிபோனுக்குத் தனி மரியாதை. புஷ்பவள்ளி அதற்குக் கீழே பூப்போட்ட துணி விரித்தாள். குளிக்கும்போதுகூடக் குழாயை மெதுவாகத்தான் திறந்தாள்.

இனி நோர்டா. அது ஒரு கெர்னல். கெர்னல் என்பது கணினியின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு எல்லா வேலையையும் ஏவுகிற சங்கதி. கார்த்திகேசுவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அதனால் அவன் அதைத் தோட்டக் கணக்கில்தான் புரிந்துகொண்டான். கெர்னல்தான் துரை. கார்டு வேலையாள். துரை பேச்சு ஆளுக்குப் புரியாது, ஆள் பேச்சு துரைக்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுகிற கங்காணிக்கு டிரைவர் என்று பெயர். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கங்காணி உண்டு. கங்காணி சரியில்லை என்றால் அன்றைக்குப் பால் வாளி நிரம்பாது.

நோர்டாவை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம், எல்லாம் அன்பினால் நடக்கிறது என்று அதன் முகப்பிலேயே எழுதியிருந்தது. சம்பளத்துக்கு நடக்கிற இடத்தில் இருக்கிற விதிகளைவிட அன்பினால் நடக்கிற இடத்தில் விதிகள் அதிகம் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

தொண்ணூற்றாறு தீபாவளி முடிந்த கையோடு, புஷ்பவள்ளியின் அண்ணன் ராமசாமியின் அச்சகத்தில் இரண்டு கணினிகளைப் பழைய மாடல் கார்டு போட்டு நோர்டாவில் இணைத்துக் கொடுத்தான் கார்த்திகேசு. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு விறைத்து நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் வந்துவிடும், பெண் பெயர் வராது. "என்ன மச்சான், பொண்ணு ஓடிப்போச்சா?" என்று ராமசாமி கேலி செய்தான். கார்த்திகேசு டிரைவரைத் திறந்து பார்த்தான். விஷயம் சின்னது. தகவல் வந்ததும் கார்டு மணி அடிக்கிறது. கங்காணி அதைக் கேட்டுவிட்டு, 'கேட்டுவிட்டேன்' என்று பதில் சொல்ல மறந்துவிடுகிறான். கார்டு அந்தப் பதிலுக்காக வாயைத் திறந்தபடி நிற்கிறது. 'கேட்டுவிட்டேன்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தான். பெண் பெயர் வந்துவிட்டது.

அத்தோடு கணினியை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. நாம் பட்ட கஷ்டம் இன்னொருவன் படக்கூடாது என்று நினைத்தான் பாவி. அந்த ஒரு வரியை நோர்டா பேரவைக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

நோர்டாவை அவர்கள் மரம் என்று சொன்னார்கள். மரத்துக்குக் கிளைகள் உண்டு, கிளைக்கு ஒரு காவலர் உண்டு, எல்லோருக்கும் மேலே பெருமரக்காவலர். நெட்வொர்க் கிளைக்குக் காவலர் வில்லெம் என்பவர், ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காரர். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அன்புடையீர், தங்கள் திருத்தம் சரியானதே. ஆனால் சரியாக இருப்பது மட்டுமே ஏற்றுக்கொள்ளப் போதுமான காரணம் ஆகாது. ஒரே வரியில் ஒரு பிழை தீர்ந்துவிட்டால், இத்தனை காலம் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற தேவையற்ற கேள்வி எழும். ஆகவே இதை மூன்று திருத்தங்களாகப் பிரித்து, ஒரு முன்னுரையோடு அனுப்பவும்."

ஒரு வரியை மூன்றாக எப்படிப் பிரிப்பது? கார்த்திகேசு யோசித்து யோசித்து, இங்கே ஒரு வரி வரப்போகிறது என்று ஒரு குறிப்பு எழுதி முதல் திருத்தமாக அனுப்பினான். இரண்டாவதில் வரியை அனுப்பினான். வரி வந்துவிட்டதால் குறிப்பு இனி வேண்டாம் என்று அதை நீக்குவது மூன்றாவது. முதலாவதைப் பேரவை பாராட்டியது. இரண்டாவது பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னது. மூன்றாவதுக்குத்தான் சண்டை வந்தது. முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு குறிப்பை நேற்று வந்தவன் நீக்கச் சொல்வதா என்று உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். அந்தக் குறிப்பில் கமா இருக்க வேண்டிய இடத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்சி கிளம்பியது.

இதற்குள் இன்னொரு விதியும் தெரியவந்தது. எந்தத் திருத்தத்தையும் ஆகப் புதிய மரத்தின் மேல்தான் ஒட்ட வேண்டும். மரம் முழுசாக, டெலிபோன் லைனிலேயே ஓடுகிற வீட்டு மோடத்தில் இறங்க ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் பிடிக்கும். இறங்கி முடிவதற்குள் பேரவை புது மரத்தை வெளியிட்டுவிடும். "தாங்கள் நேற்றைய மரத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்" என்று வில்லெம் வருத்தத்தோடு எழுதுவார். கார்த்திகேசு மறுபடி இறக்குவான். மோடம் ஓடுகிற நேரமெல்லாம் டெலிபோன் எங்கேஜ்.

"என்னங்க, போன்ல ஒரே இரைச்சலா வருதே, கெட்டுப் போச்சா?" என்று ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள் புஷ்பவள்ளி.

"வைம்மா, வை! மரம் எறங்கிக்கிட்டிருக்கு."

"மரம் எறங்கட்டும். நீங்களும் எறங்குங்க. யோகம்மா அடிச்சா என்ன செய்யிறது?"

"இன்னும் கொஞ்ச நேரம்தான்லா. இது முடிஞ்சா நம்ம வேல முடிஞ்சிச்சு."

இரண்டாவது லைனுக்கும் மனு போட்டுப் பார்த்தான். உங்கள் அடுக்குமாடி புளோக்கில் கேபிள் இல்லை என்று பதில் வந்தது.

தைப்பூசம் வந்தது. பிள்ளை வரம் வேண்டிக் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தான். விரதம் இருக்கும்போது கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று புஷ்பவள்ளி ஒரு விதி போட்டாள். உலகத்தில் அவன் சந்தோஷமாகக் கீழ்ப்படிந்த விதி அது ஒன்றுதான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடியோடு ஏறி, இறங்கி, கால் வீங்கி வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கி எழுந்து மின்னஞ்சலைத் திறந்தான். வில்லெம் எழுதியிருந்தார்.

"வாழ்த்துகள்! தாங்கள் தொட்ட அந்த டிரைவரை எழுதிய மாணவர் படிப்பை முடித்துப் போய்விட்டார். அதனால் பராமரிப்பாளர் கோப்பில் அதன் நிலை 'அநாதை' என்று இருந்தது. கடைசியாகத் தொட்டவர் என்ற முறையில் தங்கள் பெயரை முன்மொழிந்தோம். மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்பது பேரவையின் மரபு. தாங்கள் மறுக்கவில்லை. தங்கள் அடக்கத்தைப் பேரவை வெகுவாகப் பாராட்டுகிறது. தாங்கள் அனுப்பிய அந்த ஒரு வரியைப் பற்றி இனித் தாங்களே முடிவு செய்யலாம். ஆனால் தன் திருத்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வது விதிக்கு முரண்."

அவன் தமிழில் படித்துச் சொல்ல, புஷ்பவள்ளி தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அநாதைன்னு போட்டிருந்தாங்களா?"

"ஆமா."

"அதுக்கு உங்கள அப்பனாக்கிட்டாங்களா?"

"அப்படித்தான் தெரியிது."

"விசாரணை கிடையாது, கையெழுத்து கிடையாது, வீட்டை வந்து பாக்கல?"

"பாக்கல."

"அடப்பாவிங்களா! நமக்குன்னா மட்டும் சம்பள சிலிப்பு கேட்டாங்க, ரத்த டெஸ்ட்டு கேட்டாங்க, பக்கத்து வீட்டு மஹ்பூபாவ சாட்சிக்குக் கூப்பிட்டாங்க!" என்று சொல்லிவிட்டு அவள் சமையற்கட்டுக்குப் போனாள். அன்று சாம்பாரில் உப்பு இல்லை.

அப்போதே எழுதி மறுத்திருப்பான். ஆனால் செய்தி அதற்குள் தொழிற்சாலைக்கு எட்டிவிட்டது. மேனேஜர் ஸ்ரீஸ்கந்தராஜா, பரம்பரையாகத் துரைமார் ஆபீசில் பேனா பிடித்த குடும்பம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கேன்டீனில் கூட்டி நிறுத்தினார். "இன்னைக்கு நம்ம ஃபேக்டரிக்கு ஒரு கௌரவம். நம்ம கார்த்திகேசு இன்டர்நேஷனல் மெயின்டெய்னர் ஆயிட்டாரு. அவரு என்ன மெயின்டெய்ன் பண்றாருன்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. அது ஹெட் ஆபீசுக்கு எழுதுற ரிப்போர்ட்ல வரும்" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். சோதனை மேசையில் பக்கத்தில் உட்காரும் சலேஹா ஒரு கரிபாப் பலகாரத்தை அவனுக்கென்று எடுத்து வைத்தாள்.

பிறகு மேனேஜர் அவனைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "கார்த்திகேசு, நமக்குள்ள இருக்கட்டும். ஹெட் ஆபீஸ்ல ஒரு ஃபேக்டரிய மூடப் போறாங்க. இங்கயா, வேற எடத்துலயான்னு பாத்துக்கிட்டிருக்காங்க. உன் பேரு அந்த மெயின்டெய்னர் ஃபைல்ல இருக்கிற வரைக்கும் நாம பெரிய ஆளுங்க. ஆனா திங்கக்கெழம லிஸ்ட்டுல மட்டும் உன் பேரு வந்துடக்கூடாது."

திங்கட்கிழமை லிஸ்ட் என்பது பேரவை வாராவாரம் வெளியிடுகிற 'கடமை தவறியோர்' பட்டியல். வந்த புகாருக்குப் பதில் எழுதாத பராமரிப்பாளரின் பெயரை ஊர் பெயரோடு அதில் போடுவார்கள்.

புகார்கள் வந்தன. கார்டு வேலையே செய்யவில்லை என்று ஒரு கால்நடை டாக்டர் எழுதினார். நான்கு நாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு வயரைச் செருகவில்லை என்று தெரிந்தது. வயரைச் செருகச் சொல்லி டிரைவர் ஏன் நினைவூட்டக்கூடாது என்று அவர் அடுத்த புகார் எழுதினார். கார்டில் எரிகிற பச்சை விளக்கு தன் தூக்கத்தைக் கெடுப்பதாக ஒருவர், அது ஒன்றும் கெடுக்கவில்லை என்று அவர் மனைவி. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் ஆகப் புதிய மரம் இறக்க வேண்டும். வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுமுன் மோடத்தைப் போடுவான். அது கீச்சென்று கத்தும். வாரக் கடைசியில் பாலிக் புலாவுக்கு டுரியான் பழம் சாப்பிடப் போகலாம் என்று ராமசாமி கூப்பிட்டபோது, "மரத்தை விட்டுட்டு எப்படி மச்சான் வர்றது?" என்றான். ராமசாமி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். நிறுத்தினால் திங்கட்கிழமை பெயர் வரும், பெயர் வந்தால் தொழிற்சாலை போகும், அவனோடு சலேஹாவும் இன்னும் எத்தனையோ பேரும் தெருவில் நிற்பார்கள். அவனும்தான் இரவெல்லாம் நினைத்துப் பார்த்தான், வழி தெரியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒருநாள் புஷ்பவள்ளி யோகம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அக்கரைக்குப் போனாள். போன முகத்தோடு திரும்பி வரவில்லை.

"போன வாரம் அடிச்சாங்களாம். ஒரு பையன். பொறந்து இருவது நாள். சாயங்காலம் மூணு தடவ அடிச்சாங்களாம், மூணு தடவையும் எங்கேஜாம்." அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தைப்பிங்காரங்க கொண்டுபோயிட்டாங்க."

கார்த்திகேசு மோடத்தின் பக்கம் திரும்பினான். போன வாரம் சாயங்காலம் பச்சை விளக்குக்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"பெத்துக்கத்தான் குடுத்து வைக்கல" என்றாள் அவள். "எடுத்துக்கவுமா?" அப்புறம்தான் அழுதாள். அவன் குனிந்து அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு, "நான் வெலகிடுறேன். வேல போனாலும் போகட்டும்" என்றான்.

"வேல போனா வேற வேல. சத்தியமாச் சொல்றீங்களா?"

"முருகன் சத்தியமா."

வில்லெமுக்கு எழுதினான். மறுநாளே பதில் வந்தது. விஷயம் விலகலைப் பற்றியது என்பதால் பேரவை வேகமாக இருந்தது.

"தங்கள் மனநிலை புரிகிறது. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இது முழுக்க முழுக்கத் தன்னார்வப் பணி. தன்னார்வமாகச் சேரலாம் என்றுதான் விதி சொல்கிறது, தன்னார்வமாக விலகலாம் என்று சொல்லவில்லை. தங்கள் பெயரை நீக்குவதும் ஒரு திருத்தமே. அதற்கு அந்த டிரைவரின் பராமரிப்பாளர் ஒப்புதல் தர வேண்டும். அவர் தாங்கள்தான். தன் திருத்தத்தைத் தானே ஏற்பது விதிக்கு முரண் என்பதை முன்பே தெரிவித்திருக்கிறோம்."

வேறு வழியே இல்லையா என்று கேட்டான். ஒரு வழி உண்டாம். அந்தக் கார்டை உலகத்தில் ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை என்று நிரூபித்தால் டிரைவரை மரத்திலிருந்து வெட்டிவிடலாம். அதோடு பராமரிப்பாளரும் விழுந்துவிடுவார். யார் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டுப் பொதுவில் எழுதினான். மூன்று பேர் கை தூக்கினார்கள். பச்சை விளக்குக்காரருக்கு எழுதியதும் அவர் அன்றே கார்டைக் கழற்றி எறிந்தார். அவர் மனைவி நன்றி எழுதினாள். கால்நடை டாக்டருக்குக் கொம்தார் கடைத்தொகுதியில் புதுக் கார்டு ஒன்று வாங்கித் தபாலில் அனுப்பினான். அது கிடைத்ததும், புதுக் கார்டின் வயரை எங்கே செருகுவது என்று அவர் கேட்டு எழுதினார். ராமசாமியின் அச்சகத்திலும் மாற்றிவிட்டான். மிச்சம், கை தூக்கிய மூன்றாவது கணினி ஒன்றுதான். அதற்கு ஆள் பெயரில்லை. அது யாருடையது என்று வில்லெமையே கேட்டான்.

"அது பேரவையின் சோதனைக் கணினி."

"அதில் ஏன் இந்தப் பழைய கார்டு?"

"பராமரிக்கப்படும் கார்டுகள் அனைத்தையும் சோதிப்பது எங்கள் கடமை."

"அதை எடுத்துவிட்டால் இந்தக் கார்டு உலகத்தில் யாருக்குமே தேவைப்படாதே!"

"பொறுப்பான பராமரிப்பாளர் ஒருவர் இருக்கும்போது அதை எப்படி எடுப்பது? அது தங்களை அவமதிப்பதாகும்."

கார்த்திகேசு அதை இரண்டு தடவை படித்தான். பேரவையில் அந்தக் கார்டு இருப்பது அவன் இருப்பதால். அவன் இருப்பது அந்தக் கார்டு இருப்பதால். செக்கு மாடாவது சாயங்காலம் அவிழ்த்துவிடப்படும். மனது உடைந்து, ஒரு மனுஷனிடம் சொல்வதுபோல நீளமாக ஒரு கடிதம் எழுதினான். பிள்ளை, டெலிபோன், தைப்பிங் எல்லாவற்றையும் சொன்னான். வில்லெம் உருகித்தான் போனார். "தங்கள் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் விதியை மீறி எண்பது எழுத்துக்குமேல் நீள்கிறது. இருந்தாலும் மனிதாபிமான அடிப்படையில் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் ஒன்பதாவது பொருளாகச் சேர்த்திருக்கிறோம். தாங்கள் பதிவு செய்த வீட்டு இணைப்பிலிருந்து கூட்டம் முழுவதும் நேரலையில் இருக்க வேண்டும். நடுவில் விலகினால் பொருள் கைவிடப்படும்" என்று எழுதினார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு நேரம் சாயங்காலம் நான்கு மணி. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை யோகம்மா போன் அடித்தார். நல்லவேளை, மோடம் போடுமுன் அடித்தார். புஷ்பவள்ளிதான் எடுத்தாள். "அம்மா, ஒண்ணு வர்ற மாதிரி இருக்கு. ஞாயித்துக்கெழம நான் சுங்கை பட்டாணிக்குப் போறேன். அங்க முடிவானதும் நாலு மணிக்கு மேல அடிக்கிறேன். அலோர் ஸ்டார்காரங்க ஒருத்தங்களும் காத்திருக்காங்க. இந்தத் தடவயும் எங்கேஜ்னா என்னையச் சொல்லிப் பிரயோசனமில்ல."

தன் பொருளை முதலில் எடுக்கும்படி கார்த்திகேசு கெஞ்சி எழுதினான். ஒன்பதாவது பொருள் எட்டாவதுக்குப் பிறகுதான் வரும் என்று வில்லெம் பொறுமையாக விளக்கினார்.

"நாலு மணிக்கு மேலன்னுதானே சொன்னாங்க? நாலேகாலுக்குள்ள முடிஞ்சிடும்" என்று மனைவியிடம் சொன்னான். "இன்னைக்கு வெட்டிவிட்டாத்தான் இனிமே இந்தத் தொல்லையே இருக்காது. அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கம்மா."

புஷ்பவள்ளி டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள், உள்ளே மோடத்தின் இரைச்சல் மட்டும் ஓடுகிற அந்த டெலிபோனுக்குப் பக்கத்தில்.

பெருமரக்காவலர் கூட்டத்தைத் தொடங்கி வைத்தார். திரையில் அவர் சொற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"நண்பர்களே, நம் மரம் நிற்பது விதிகளால் அல்ல, அன்பினால். அந்த அன்பை ஒழுங்குபடுத்தும் விதிகளைத்தான் இன்று திருத்தப்போகிறோம். முதல் பொருள், கடமை தவறியோர் பட்டியல். சென்ற ஆண்டு அதில் மிக அதிகமாக இடம்பெற்ற பெயர்கள் காவலர்களாகிய எங்களுடையவை. இது பட்டியலின் தரத்தைக் கெடுக்கிறது. ஆகவே பட்டியல் ரத்து செய்யப்படுகிறது. இனி, ஒரு மாதம் பதில் தரப்படாத புகார், திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும்."

கைதட்டல் என்று எல்லோரும் தட்டச்சு செய்தார்கள். கார்த்திகேசுவும் செய்தான். அதன் அர்த்தம் அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை. அவன் கண் கடிகாரத்தில் இருந்தது. இரண்டாவது பொருள், முதல் பொருளுக்குப் பெருமரக்காவலருக்கு நன்றி. மூன்றாவது பொருள், மூன்று திருத்தங்களுக்குக் குறைவாக அனுப்புவோரின் ஒழுக்கம் குறித்து வில்லெம் உரை. நாலேகால் ஆயிற்று, நாலரை ஆயிற்று.

"எத்தனாவது?" என்றாள் புஷ்பவள்ளி.

"நாலாவது. குறிப்புல கமா வைக்கிற எடம்."

"நீங்க எத்தனாவது?"

"ஒம்பது."

அவள் ரிசீவரின் மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை, எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று இந்த எட்டு மாதத்தில் அவளுக்கும் தெரியும். காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி சும்மா வைத்துக்கொண்டிருந்தாள். "இங்க மணி அடிக்காது. ஆனா அங்க அவங்க அடிச்சிக்கிட்டிருப்பாங்க இல்ல?" என்று கேட்டாள்.

கார்த்திகேசு திரையைப் பார்த்தான். கமா முன்னால் வரவேண்டும் என்று பெருமரக்காவலர் சொல்லிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தால் விடுதலை, எழுந்தால் அந்தக் கோப்பில் சாகும்வரை அவன் பெயர். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன ஒரு வரி ஞாபகம் வந்தது. ஒருத்தி மணி அடிக்கிறாள். கேட்டுவிட்டேன் என்று சொல்ல இந்தப் பக்கம் ஆளில்லை.

"போங்கடா நீங்களும் உங்க மரமும்!" என்று கத்திக்கொண்டு, மேசைக்கடியில் குனிந்து மோடத்தின் வயரைச் சுவரிலிருந்து பிய்த்தான்.

வீடு சட்டென்று அமைதியாயிற்று. இருவரும் டெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான், அலோர் ஸ்டாருக்குப் போய்விட்டது என்று அவன் நினைத்த நேரத்தில் மணி அடித்தது. புஷ்பவள்ளி டெலிபோனை அவன் பக்கம் தள்ளினாள். அவன்தான் எடுத்தான்.

"கேட்டுட்டேன்" என்றான். ஹலோ என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

"என்னாத்தக் கேட்டுட்டீங்க? நான் இன்னும் சொல்லவே இல்லியே!" என்றார் யோகம்மா. "ரெண்டு தடவ அடிச்சேன் தம்பி, எங்கேஜ். சரி, வெத்தலய வாங்கி வாயில போட்டுக்கிட்டு இன்னொரு தடவ அடிப்போம், அதுக்கு மேல நம்ம கையில இல்லன்னு நெனச்சேன். பொண்ணு. ஒன்ற வயசு. அழுவாம வருவான்னு மட்டும் நெனக்காதீங்க."

தவமணி என்று இல்லத்தில் வைத்த பெயரையே அவர்களும் வைத்துக்கொண்டார்கள். அழுதுகொண்டேதான் வந்தாள். கம்ப்யூட்டர் மேசையில் பால்மாவு டின்னும் துணிமணியும் ஏறின. மோடத்தின் வயரை மறுபடி ஒட்ட யாருக்கும் நேரம் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கார்த்திகேசு ரத்தான பட்டியலுக்கே பயந்துகொண்டு தொழிற்சாலைக்குப் போனான். ஸ்ரீஸ்கந்தராஜா ஒன்றுமே கேட்கவில்லை. வருஷக் கடைசியில் வேறு ஏதோ தேசத்துத் தொழிற்சாலையை மூடினார்கள்.

அடுத்த தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில் பேரவையிலிருந்து தடித்த உறை ஒன்று தபாலில் வந்தது. உள்ளே தங்க எழுத்துச் சான்றிதழ்: ஆண்டின் சிறந்த பராமரிப்பாளர். கூடவே வில்லெமின் கடிதம்.

"தாங்கள் கூட்டத்திலிருந்து விலகியதால் தங்கள் விலகல் கைவிடப்பட்டது; பேரவை நிம்மதி அடைந்தது. அதன்பின் தங்களுக்கு வந்த புகார்கள் அனைத்தும் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டிருக்கின்றன. மரத்தின் வரலாற்றில் இத்தகைய சாதனை இதற்குமுன் இல்லை. ஆகவே எஞ்சியுள்ள பதினொரு அநாதை டிரைவர்களையும் தங்களிடமே ஒப்படைக்க முன்மொழிந்துள்ளோம். வழக்கம்போல் மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதம்."

கடிதம் வந்து சேரவே மூன்று வாரம் ஆகியிருந்தது. சான்றிதழை மறுநாளே ஸ்ரீஸ்கந்தராஜா வாங்கி, தொழிற்சாலை வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். கடிதம் வீட்டிலேயே கிடந்தது. புஷ்பவள்ளி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பதினொண்ணா? இந்த ஒண்ணே மத்தியானம் தூங்க மாட்டேங்குது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுங்களுக்கெல்லாம் ஏதாச்சும் ஆனா?" என்று கேட்டாள்.

"யாராச்சும் எழுதுவாங்க. ஒரு மாசம் யாரும் பதில் சொல்லலன்னா தீந்துடுச்சுன்னு எழுதிக்குவாங்க."

"யாருமே கேக்க மாட்டாங்களா?"

"கேக்கத்தான் என்னையப் போட்டிருக்காங்களே."

புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. உள்ளே தவமணி தூக்கத்திலிருந்து எழுந்து அழ ஆரம்பித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள்.